ஹெல்மெட் இன்டர்காமில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் இன்டர்காமைப் பெரும்பாலோர் பாட்டுக் கேட்கவும் போன் பேசவும்தான் வாங்குகிறார்கள். அதன் முழுப் பயன் எனக்குப் புரிந்தது பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில். ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும் அந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. சற்று முன்னால் திரும்பியவருக்குத் தெரியும். அவர் கண்ணில் பட்டதை அந்த நொடியே மற்றவர்கள் காதில் சேர்ப்பதற்காகவே இந்தக் கருவியை நான் மதிக்கிறேன்.

நாங்கள் வழக்கமாகச் சேர்ந்து போவது நான்கு வண்டிகள். நான், என் தம்பி, அவன் மனைவி, பக்கத்து வீட்டு அண்ணன். அண்ணன் பல வருடம் லாரி ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு புல்லட் வாங்கினார். எங்கள் இன்டர்காம் பேச்சுக்கு ஒழுங்கு வந்ததில் பெரும்பங்கு அவருடையது.

தொடக்கத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் பேசினோம். "பார்த்து வாருங்கள்", "கொஞ்சம் மெதுவாக", "அங்கே ஏதோ நிற்கிறது". கேட்பவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. எங்கே, என்ன, எந்தப் பக்கம் என்று மனம் தேடத் தொடங்கும். அந்தத் தேடலிலேயே கவனம் போய்விடும். அண்ணன்தான் ஒரு முறை டீக்கடையில் உட்கார வைத்துச் சொன்னார்: "அம்மணி, முதலில் பொருளைச் சொல்லுங்கள். அடுத்து இடம். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்." அதன் பிறகு முன்னால் போகிறவர் சொல்வது இப்படித்தான் இருக்கிறது: "பஸ். பதினான்கு." "மாடு. மலைப் பக்கம்." "சரளை. பள்ளத்தாக்குப் பக்கம்."

பதினான்கு என்பது வளைவின் எண். வால்பாறைச் சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் 14/40 என்பதுபோல் பலகை இருக்கிறது. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் அப்படியே. "இன்னும் கொஞ்ச தூரத்தில்" என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்வார்கள். பலகை எண்ணில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. பின்னால் வருபவர் பன்னிரண்டாவது வளைவில் இருந்தால், இன்னும் இரண்டு வளைவுக்குள் பஸ்ஸை எதிர்கொள்ள வேண்டும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். பஸ் அந்த வளைவில் திரும்பும்போது சாலையின் முழு அகலமும் அதற்குத் தேவை. ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்று விதி சொல்கிறது. ஆனாலும் திரும்பிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் முன் இருசக்கர வண்டி விதி பேச முடியாது. வளைவுக்கு முன்பே ஒதுங்கி நிற்பதுதான் எங்கள் வழக்கம்.

மலைப் பக்கம், பள்ளத்தாக்குப் பக்கம் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. அவசரத்தில் இடதும் வலதும் வாயில் மாறிவிடும். என் தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே அந்தத் தடுமாற்றம் உண்டு. மலை எந்தப் பக்கம், சரிவு எந்தப் பக்கம் என்பது கண்முன்னே தெரிவது. அதில் யாரும் தடுமாறுவதில்லை. சமவெளிக்கு வந்ததும் பழையபடி இடது, வலது.

இனிச் சொல்லப்போவதுதான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. முன்னால் போகிறவர் ஆபத்தைச் சொல்லலாம். அனுமதி கொடுக்கக் கூடாது. "எதிரே ஒன்றுமில்லை, முந்தி வா" என்ற வாக்கியம் எங்கள் குழுவில் தடை செய்யப்பட்டது.

பல குழுக்களில் இதற்காகவே இன்டர்காம் வாங்குகிறார்கள். லாரிக்குப் பின்னால் ஐந்து பைக் மாட்டிக்கொள்ளும். முதலாமவர் முந்திப் போய் எதிர்ச்சாலையைப் பார்த்து "காலி, வாருங்கள்" என்பார். மற்றவர்கள் அவர் சொல்லை நம்பி வெளியே எடுப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் பார்த்ததற்கும் மூன்றாவது வண்டி வெளியே வருவதற்கும் ஐந்து நொடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஐந்து நொடியில் 80 மீட்டருக்கு மேல் நெருங்கியிருக்கும். அவர் சொன்னபோது உண்மையாக இருந்தது, நீங்கள் செய்யும்போது பொய்யாகிவிடுகிறது. அவர் மீது குற்றமில்லை. சாலை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அண்ணனின் லாரி அனுபவம் பேசுகிறது. நம் ஊர் நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநர்கள் வலது இண்டிகேட்டரைப் போட்டோ, கையை அசைத்தோ பின்னால் வருபவரை முந்தச் சொல்வது பழைய வழக்கம். தாம் ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை என்கிறார் அவர். "என் கண்ணை நம்பி இன்னொருவர் உயிரை விடக் கூடாது. நான் ஓரம் ஒதுங்கி வழி கொடுப்பேன். முந்துவது அவர் பார்த்து, அவர் முடிவு செய்ய வேண்டியது." இன்டர்காமிலும் அதே நியாயம்தான். "லாரி வருகிறது, பொறு" என்ற சொல் தாமதமாகக் காதில் விழுந்தாலும் கெடுதல் இல்லை. சற்றுக் கூடுதலாகக் காத்திருப்போம். "வா" என்ற சொல் தாமதமாக விழுந்தால் உயிர் போகும். அதோடு, கேட்கும் பக்கத்தில் மனம் சோம்பிப்போகிறது. யாரோ நமக்காகப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் நாம் பார்ப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். இதை நான் என்னிடமே உணர்ந்திருக்கிறேன். அதனால்தான் பலர் அதிகப்படி என்று சொன்னாலும் இந்த விதியைத் தளர்த்த நான் ஒப்புக்கொள்வதில்லை.

புதிதாக ஓட்டுபவருக்கு இன்டர்காமில் வழிகாட்டுவது இன்னொரு தனி வித்தை. தம்பி மனைவி பைக் கற்று முதன்முதலாக மலையேறியபோது நான் அவளுக்குப் பின்னால் போனேன். "கியரைக் குறை", "வெளிப்பக்கம் பார்", "பிரேக்கை விடு" என்று வளைவுக்குள்ளேயே தம்பி சொல்லிக்கொண்டே வந்தான். மூன்றாவது வளைவிலேயே அவள் ஓரம் கட்டிவிட்டாள். "அண்ணி, குரல் வரும்போது என் கை என் பேச்சைக் கேட்பதில்லை. வளைவுக்குள் யாரும் பேச வேண்டாம்" என்றாள். கற்றுக்கொள்பவரின் வாயிலிருந்து வந்ததால் அதைவிடத் தெளிவான பாடம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. அன்றிலிருந்து வளைவுக்கு முன் ஒரே ஒரு குறிப்பு: "இரண்டாம் கியர்." பிறகு அமைதி. வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்ததும், நன்றாகச் செய்தது எது என்று சொல்வோம். திருத்த வேண்டியது இருந்தால் அடுத்த நிறுத்தத்தில், ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு. அவள் இப்போது முன்னால் போகிறாள். எங்களில் மிகச் சுருக்கமாகவும் தெளிவாகவும் அறிவிப்பது அவள்தான்.

பின்னிருக்கையில் ஆள் இருந்தால் பயன் வேறு விதம். என் மகள் பின்னால் உட்கார்ந்து வரும்போது முன்பெல்லாம் தோளைத் தட்டுவாள். எதற்கென்று புரியாமல் நான் திரும்புவேன். இப்போது "தண்ணீர் வேண்டும்" என்று காதில் கேட்கிறது. மதிய நேரத்தில் நீண்ட சாலையில் அவ்வப்போது ஏதாவது கேட்டுக்கொண்டே வருவேன். பதில் தாமதமாக வந்தால் தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது என்று பொருள். உடனே நிறுத்திவிடுவேன். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அரை மீட்டர் தூரத்துக்கு எந்த புளூடூத்தும் போதும்.

கருவியின் வகைக்கு வருகிறேன். சில ஆயிரம் ரூபாயிலிருந்து முப்பதாயிரத்தைத் தாண்டியும் விலை போகிறது. வேறுபாடு பெரும்பாலும் இணைப்பு முறையில் இருக்கிறது. சாதாரண புளூடூத் இன்டர்காம் சங்கிலிபோல இணைகிறது. ஒன்று இரண்டோடு, இரண்டு மூன்றோடு. நடுவில் உள்ளவர் பெட்ரோல் போட நின்றுவிட்டால் சங்கிலி அறுந்து, முன்னால் உள்ளவரும் பின்னால் உள்ளவரும் தனித்தனியாகிவிடுவார்கள். அதனால் இணைக்கும்போது யாருக்கு அடுத்து யார் என்ற வரிசையையும், ஓடும்போது யாருக்குப் பின் யார் என்ற வரிசையையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். மெஷ் முறையில் ஒவ்வொரு கருவியும் மற்றவற்றோடு தானே பேசி வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் தொடர்பில் இருப்பார்கள். அவர் திரும்பி வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்வார். கார்டோ நிறுவனம் 2015இல் பேக்டாக் கருவி மூலம் இதை பைக் ஓட்டுபவர்களிடம் கொண்டுவந்தது; சேனா 2018இல் 30கே கருவியோடு வந்தது. நான்கு வண்டிக்கு மேல் தொடர்ந்து சேர்ந்து போகிறவர்கள் மெஷ் வாங்குவது நல்லது. இரண்டு பேர் என்றால் அந்தப் பணம் வீண்.

ஒன்றை மட்டும் கடையிலேயே கேட்டுத் தெளிய வேண்டும். ஒரு நிறுவனத்தின் மெஷ் கருவி இன்னொரு நிறுவனத்தின் மெஷ் கருவியோடு நேரடியாகப் பேசும் என்று எண்ணி வாங்கக் கூடாது. கலப்பு நிறுவனக் கருவிகளைச் சேர்க்க "யுனிவர்சல்" என்றொரு வழி உண்டு. அதில் பக்கத்து ஹெல்மெட்டைப் போன் என்று நினைத்துத்தான் நம் கருவி இணைகிறது. அதனால் போனுக்கு உரிய இடம் பறிபோகலாம், ஒலியும் போன் பேச்சின் தரத்தில்தான் இருக்கும். குழுவாக வாங்கும்போது எல்லாரும் ஒரே நிறுவனத்தில் வாங்குவதே நிம்மதி.

அட்டையில் ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும். அது நேர்ப்பார்வையில், தடையற்ற வெளியில். இந்தக் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கின்றன. பாறையும் அடர்ந்த மரங்களும் நடுவில் வந்தால் அந்த அலை தாண்டுவது கடினம். பல்லடம் சாலையில் தெளிவாகக் கேட்கும் குரல், மலையில் ஒரே ஒரு வளைவு இடையில் வந்ததும் அறுந்துபோகிறது. மேல் வளைவில் ஒருவரும் அதன் நேர்க் கீழே இன்னொருவரும் இருக்கும்போது மட்டும் வியப்பாக மீண்டும் கேட்கும். ஆகவே மலைச்சாலையில் குழு இறுக்கமாக அல்ல, ஒரே சீரான இடைவெளியில் போக வேண்டும். தொடர்பு அறுந்தால் யாரும் வேகத்தைக் கூட்டித் துரத்தக் கூடாது. முன்னால் உள்ளவர் அடுத்த அகலமான இடத்தில் நிற்பார், அவ்வளவுதான். போன் செயலி வழியாக, மொபைல் டேட்டாவில் குழுவாகப் பேசும் வசதிகளும் இருக்கின்றன. சிக்னல் விட்டுவிட்டு வரும் காட்டுச் சாலையில் அவற்றை நம்ப முடியாது.

பொருத்துவதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. "ஒலி போதவில்லை" என்று குறைப்படுபவர்களின் ஹெல்மெட்டைத் திறந்து பார்த்தால், பத்தில் ஒன்பது முறை ஸ்பீக்கர் காதுக்கு நேராக இருக்காது. ஒரு சென்டிமீட்டர் விலகினால்கூடக் குரல் பாதியாகத் தேய்கிறது. ஹெல்மெட்டை அணிந்து, கன்னப் பஞ்சுக்குப் பின்னால் விரலை விட்டுக் காதுத் துளை எங்கே வருகிறது என்று தொட்டுப் பார்த்து, அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் நடுப்பகுதி அந்த டேப்பின் மேல் வர வேண்டும். இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நம் முகம் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஸ்பீக்கர் காதைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. சற்று அழுத்தினாலே ஒரு மணி நேரத்தில் காது மடல் வலிக்கத் தொடங்கிவிடும். காதுக்கென்று குழி விட்டிருக்கும் ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது. குழி இல்லையென்று உள்ளே இருக்கும் தெர்மாகோலைக் கத்தியால் செதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். விழும்போது தலைக்கு வரும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான். ஐரோப்பாவின் ஈசிஇ 22.06 தரவிதியில், ஹெல்மெட்டில் பொருத்தும் துணைக்கருவிகளையும் சேர்த்துச் சோதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்த அக்கறையை நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கருவி இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். வலக்கை ஆக்ஸிலரேட்டரை விட முடியாது. கிளிப் பொருந்தினால் கிளிப், இல்லையென்றால் ஒட்டும் தட்டு. ஒட்டுவதற்கு முன் ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். கம்பிகள் தாடை வாரின் அடியில் போகவே கூடாது.

மைக் உதட்டின் ஓரத்தில், கிட்டத்தட்ட உரசும் தூரத்தில் இருக்க வேண்டும். முழு முக ஹெல்மெட்டுக்குத் தாடைப் பகுதியில் ஒட்டும் சிறிய மைக்கும், முகம் திறக்கும் வகைகளுக்குத் தண்டு மைக்கும் பொருத்தம். மைக்கின் ஒரு பக்கத்தில் குறியிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் வாயைப் பார்க்க வேண்டும். பஞ்சு உறையைக் கழற்றாதீர்கள். இதில் குழுவாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் வைசரை, அதாவது முகக் கண்ணாடியை, திறந்துவைத்து ஓட்டினால் அவருடைய மைக்கில் நுழையும் காற்று எல்லாருடைய காதிலும் இரைகிறது. வால்பாறைச் சாலையில் கவர்க்கல் பக்கம் பனிமூட்டத்தில் வைசரைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது, தூக்குகிறவர் தன் மைக்கை அணைத்துக்கொள்வது எங்களில் கட்டாயம்.

காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேகமாக ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே செவிக்குக் கேடு செய்யும் அளவை எட்டிவிடுகிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம்; ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதி. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரம்தான். அந்த இரைச்சலை வெல்லப் பாட்டைக் கூட்டினால் கேடு இரட்டிப்பாகும். நெடுஞ்சாலையில் நுரைப் பஞ்சுக் காதடைப்பான் போட்டுக்கொண்டு அதன் மேல் ஸ்பீக்கர் ஒலியைக் கேட்டால், இரைச்சல் அடங்கிப் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. மருந்துக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. மலையில் மட்டும் அதைக் கழற்றிவிடுவேன், பாட்டையும் நிறுத்திவிடுவேன். வளைவுக்கு மேலே பஸ் அடிக்கும் ஹாரன் எனக்குக் கேட்டாக வேண்டும். வால்பாறைக்கு அப்பால் கேரள எல்லையில் இருக்கும் மளுக்கப்பாறை வழியாகப் போனால் யானை மூங்கிலை முறிக்கும் சத்தமும்.

போன் அழைப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். கையில் பிடிக்கவில்லையே, அதனால் ஆபத்தில்லை என்பார்கள். கையில்லாமல் பேசினாலும் கவனம் சிதறுவது குறைவதில்லை என்று யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். கூட ஓட்டிவருபவர் நம் சாலையையே பார்க்கிறார். சிக்கலான இடம் வந்ததும் அவரே பேச்சை நிறுத்திவிடுவார். வீட்டிலிருந்து பேசும் அம்மாவுக்கோ அலுவலகத்துக்கோ நம் எதிரே வரும் லாரி தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் 2019 திருத்தம், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்தி ஓட்டுவதை அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. ஹெல்மெட் கருவி கையில் பிடிப்பதல்ல. ஆனாலும் காவலர் நிறுத்திக் கேட்டால் நின்று, பொறுமையாகக் காட்டி விளக்குங்கள். சில கருவிகளில், அழைப்பு வரும்போது நாம் சத்தமாக எதைச் சொன்னாலும் அழைப்பை எடுத்துவிடும் அமைப்பு இருக்கிறது. "பஸ்!" என்று கத்தினால் அழைப்பு திறந்து, குழுவின் குரல் அடங்கிவிடும். வாங்கிய அன்றே அதை அணைத்துவிடுங்கள்.

மழைக்கு, தூசியும் தண்ணீரும் புகாத தரத்தைக் குறிக்கும் ஐபி67 என்று எழுதியிருப்பதை வாங்கினால் கவலை குறைவு. சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடியை ஒவ்வொரு முறையும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரம் காயாமல் சார்ஜ் போடக் கூடாது. சித்திரை வெயிலில் பைக் டேங்கின் மேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் பேட்டரியின் ஆயுள் தேயும். கையசைவுக் குறிகளை மறக்காமல் வைத்திருங்கள். பேட்டரி தீர்ந்த பிறகு அவைதான் மிச்சம்.

அதே வால்பாறைச் சாலையில் அட்டக்கட்டிக்குக் கீழே இறங்கும்போது ஒரு முறை சாலையில் சிந்தியிருந்த டீசலில் தம்பி சறுக்கி விழுந்தான். "விழுந்துவிட்டேன். அடியில்லை. நில்லுங்கள்" என்று அவன் குரல் உடனே கேட்டது. பின்னால் வந்த நாங்கள் வளைவுக்கு முன்பே நின்றோம். இல்லையென்றால் அதே டீசலில் நாங்களும் இறங்கியிருப்போம். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஹெல்மெட்டின் பக்கவாட்டில் கீறல். ஊருக்கு வந்ததும் புது ஹெல்மெட் வாங்கச் சொன்னேன். தயங்கினான். கருவியைக் கழற்றி, ஸ்பீக்கரைப் பிரித்து, மறுபடி எல்லாவற்றையும் அளந்து பொருத்த வேண்டுமே என்பதுதான் அவன் தயக்கம். ஹெல்மெட்டின் விலை அல்ல. இந்தத் தயக்கத்தை நான் வேறு பலரிடமும் பார்த்திருக்கிறேன். ஒரு முறை அடிபட்ட தெர்மாகோல் மறுமுறை காக்காது. வெளியே கீறல் சிறிதாக இருந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கலாம். ஸ்பீக்கரும் மைக்கும் தட்டும் அடங்கிய பொருத்தும் தொகுப்பு மட்டும் தனியாகக் கிடைக்கிறது. கருவி வாங்கும்போதே அதில் இன்னொன்று வாங்கி வைத்துவிட்டால், புது ஹெல்மெட்டுக்கு மாறும் நாளில் மேலே உள்ள சிறு பெட்டியை மட்டும் கழற்றி மாட்டினால் போதும். தம்பிக்கு அப்படி ஒன்று நானே வாங்கிக் கொடுத்தேன்.